எழுநூற்று எழுபது மில்லி

மார்ச் 28, வெள்ளி

காருக்கு ஆயில் மாற்றிப் பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று காலை காபியோடு ஆவுடை அதை நினைவுபடுத்தினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருஷக் குடும்பத்தில் ஆயிலைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் இந்தக் காரைத் தொட்ட பட்டறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பட்டறைக்காரனைத்தான் போன மே மாதம் என் மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஆவுடை எங்கே வருகிறாள் என்று எனக்கா தெரியாது?

எனக்கு வேறு குறை இல்லை. சொல்லாமல் செய்தாள், அவ்வளவுதான். பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டியிருந்ததை அங்கே வேலை பார்க்கிற ஒருவர் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். பெற்ற மகளின் கல்யாணத்தை நோட்டீஸ் போர்டு வழியாகத் தெரிந்துகொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அந்தப் பட்டறைக்காரனிடம், "இனிமே என் வாசல்ல கால் வைக்கப்படாது" என்றேன். அவன் வைக்கவில்லை. மகளும் வைக்கவில்லை. பதினொரு மாதமாகப் பேச்சு இல்லை.

காபி தம்ளரை எடுக்கும்போது ஆவுடை விஷயத்துக்கு வந்தாள்.

"சித்திரை ஒன்னாந் தேதி ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுவமா?"

"யோசிப்போம்" என்றேன். நான் யோசிப்போம் என்றால் முடியாது என்றுதான் இந்த வீட்டில் அர்த்தம். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே யோசிக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆயிலை நானே மாற்றிக்கொள்ளப் போகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

போனில் ஏழு வீடியோ பார்த்தேன். ஏழு பேரும் வேறு வேறு காரில் செய்கிறார்கள், ஆனால் விஷயம் ஒன்றுதான். அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கும். பக்கத்தில் டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டரைத் திருகி எடுத்துப் புதியதைப் போட வேண்டும். போல்ட்டை மூடி, மேலே மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்ற வேண்டும். இதற்கா இத்தனை வருஷம் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தோம்!

நான் காத்துக் கிடக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு தடவையும் சாவியைக் கொடுத்து மகள் மங்கையைத்தான் அனுப்பினேன்.

காரோடு வந்த சிறு புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. இன்ஜின் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து, 3.1 லிட்டர். அளவு தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். பெட்ரோல் பங்கிலிருந்து செக்கு எண்ணெய்க் கடை வரை இந்த வட்டாரத்தில் நான் அளந்து பார்க்காத லிட்டர் கிடையாது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மார்க்கெட் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். காய்கறிக்குப் புறவழிச்சாலை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பட்டறை வழியில்தான் இருக்கிறது. வாசலில் நாலு வண்டி. உள்ளே புதிதாக ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மேசையில் யாரும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மார்க்கெட் ரோடு சரியாகிவிட்டது. வெண்டைக்காய் மறந்துவிட்டதால் மறுபடி போனேன், புறவழிச்சாலை வழியாக. மேசையில் ஆள் இருந்தது. மெலிந்திருக்கிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்

ரத்தினசாமியின் ஸ்பேர்ஸ் கடையில் ஆயில் கேனும் ஃபில்டரும் போல்ட்டுக்குப் போடுகிற செம்பு வாஷரும் வாங்கினேன்.

"என்ன சார், நீங்களே மாத்தப் போறீகளா? செல்வின் பட்டறைக்குப் போகலையா?"

ஊருக்கே தெரிந்த சங்கதியைத் தெரியாதவர் போலக் கேட்பதில் ரத்தினசாமி கெட்டிக்காரர். "ஒரு ஆர்வந்தான்" என்றேன். பொய்யும் இல்லை. மூன்று நாளாக எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று ஒத்திகை மட்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்ட் கொடுத்து, சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போனேன்.

பதினாறு வருஷமாக இந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன். இதன் வயிற்றை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கரிசல் மண் காய்ந்து அப்பளம் அப்பளமாக ஒட்டியிருக்கிறது. ஒரு இடுக்கில் வேப்பங்குச்சி. இன்னொரு இடுக்கில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ சுற்றிக்கொண்ட சரிகைத் தாள். குழாய்கள் எங்கிருந்தோ புறப்பட்டு எங்கேயோ போகின்றன. ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று டார்ச்சை வைத்துப் பின்தொடர்ந்ததில் முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆவுடை வந்து என் காலைத் தட்டிப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறேனா என்று.

போல்ட்டுகள் ஏராளம். எது நம்முடையது? வீடியோக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் காட்டுகிறார்கள். நான் நிதானமாக யோசித்தேன். திரவம் தாழ்ந்த இடத்தில் சேரும். ஆகவே இருப்பதிலேயே தாழ்ந்த போல்ட்டுதான். இடது சக்கரத்தை ஒட்டி ஒன்று இருக்கிறது. சந்தேகமே இல்லை.

ஆயில் கேஜையும் உருவிப் பார்த்தேன். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கம்பி அது. மேல்கோட்டுக்குச் சற்றே கீழே, கிட்டத்தட்ட நிறைவு என்று காட்டியது.

ஏப்ரல் 5, சனி

முடித்துவிட்டேன்! நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பம். அந்தப் போல்ட்டுக்கு என்னிடம் இருந்த எந்த ஸ்பானரும் சேரவில்லை. காரணம், அதற்குத் தலையே இல்லை. நடுவில் சதுரமாக ஒரு குழிதான் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் எழுந்து வந்திருப்பான். நான் ராட்செட் கைப்பிடியின் சதுர முனையை நேராகக் குழிக்குள் செருகினேன். அச்சாகச் சேர்ந்தது. மூச்சைப் பிடித்து இழுத்ததும் ஒரு சத்தம் கொடுத்துத் திரும்பியது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் வேலையில் சேர்ந்த அன்றைக்குத்தான் கடைசியாக வந்தது.

ஆயில் இறங்கியது. கன்னங்கரேலென்று வரும் என்று வீடியோவில் சொன்னார்கள். இது தேன் நிறத்தில், தேனைப் போலவே கனமாக வந்தது. அழுகிய வெள்ளைப்பூண்டு வாடை. பதின்மூன்று மாதம் ஓடிய ஆயில் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கும்? குறித்துக்கொண்டேன்.

பிறகு ஃபில்டர். அதற்குள் இருந்து வழிந்த கொஞ்சம் மட்டும் மை போலக் கருப்பு. அதையும் குறித்துக்கொண்டேன்.

பழைய ஃபில்டரின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கிறது. கடைசியாக மாற்றியபோது எழுதியது: 17-2, 71,370. பட்டறைகளில் அப்படி எழுதி வைப்பது வழக்கமாம். மூன்று ஏழுக்கும் நடுவில் குறுக்குக் கோடு. 7-க்கு நடுவில் கோடு போடுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு. ஃபில்டரைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். சும்மாதான்.

அடுத்து அளவு. ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த முத்திரையிட்ட லிட்டர் அளவையைப் பரணிலிருந்து இறக்கினேன். போல்ட் வழியாக வந்தது 2,150 மில்லி. ஃபில்டரில் வந்தது 180. மொத்தம் 2,330. இருக்க வேண்டியது 3,100.

770 மில்லி குறைகிறது.

மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே கணக்கு. எல்லாவற்றையும் மூடி, புது ஆயில் 3,100 மில்லி சரியாக ஊற்றினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராத்திரியெல்லாம் 770 மில்லிதான் ஓடியது. காலையில் கேஜை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. 2,330 இருந்தபோது நிறைவு என்று காட்டிய கம்பி, 3,100 இருக்கும்போது வழிகிறது என்றுதானே காட்டும்? கம்பியே பொய். பங்க் மெஷினில் கை வைத்தவனைப் பார்த்திருக்கிறேன், தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனைப் பார்த்திருக்கிறேன். ஆயில் கேஜை மாற்றிப் போட்டுக் குறைவாக ஊற்றுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

காரைத் தெருமுனை வரை ஓட்டினேன். பின்னால் வெள்ளைப் புகை. அடியிலிருந்து கொய்ங் என்று ஒரு சத்தம். புது ஆயில் பழக நாளாகும் போல. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

ஆவுடையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம பிள்ளை ஒரு அளவு திருடனைக் கட்டியிருக்கா" என்றேன்.

"நீங்க பாத்ததுதான் பாத்தீக, வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாத்தீகளா?"

"முத்திரை போட்ட அளவை பொய் சொல்லாது. சித்திரைச் சாப்பாட்டை இத்தோட விட்டுரு."

அவள் எழுந்து போய், ஊறப் போட்டிருந்த உளுந்தைக் கழுவ ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

புனல் ஒன்று வாங்க ரத்தினசாமி கடைக்குப் போனேன். என்று எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. புனல் வீட்டிலேயே இருக்கிறது. அந்த 770 மில்லியைச் சொல்லத்தான் போனேன். சொன்னேன். கடையில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

டீக்கடையில் பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொருவரிடம், "முத்திரை ஆபீசரே அளந்து பாத்துட்டாராம்லா, முக்கா லிட்டர் அடிக்கானாம் செல்வின். சொந்த மாமனாருக்கே இப்படின்னா நமக்கு?" என்றார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

முக்கால் லிட்டர் இல்லை, 770 மில்லி என்று திருத்த வாயெடுத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தேன் நிறம் ஏன் என்று இன்னும் புரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பதினொரு மணிக்குப் போன் வந்தது. பதினொரு மாதமாக என் போனில் வராத எண். எடுத்தேன்.

"அப்பா, நான் மங்கை பேசுதேன்."

"தெரியுது."

"மூணு நாளா வாரவங்க எல்லாரும் அளந்து காட்டச் சொல்லுதாங்க. ஒருத்தர் வீட்ல இருந்து பால் லிட்டரைத் தூக்கிட்டு வந்து நிக்காரு. இவரு ஒன்னும் சொல்லாம ஒவ்வொருத்தருக்கும் அளந்து காட்டிட்டு இருக்காரு. எனக்குத்தான் பொறுக்கல. நீங்க என்னத்தப்பா அளந்தீங்க?"

நான் எண்களைச் சொன்னேன். அவள் அழுவாள் அல்லது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் விசாரணை நடத்தினாள்.

"ஆயில் என்ன கலரு?"

"தேன் கலரு."

"வாடை?"

"அழுகின வெள்ளைப்பூண்டு."

"நீங்க கழட்டின போல்ட்ல தலை இருந்துச்சா, குழி இருந்துச்சா?"

"குழி. சதுரக் குழி."

அந்தப் பக்கம் பேனாவை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, அது கியர் பெட்டி. நீங்க இறக்கினது கியர் ஆயில். இன்ஜின் போல்ட் வலது பக்கம் இருக்கு, அதுக்குத் தலை இருக்கும். இன்ஜின்ல பழசு அப்படியே கிடக்கு, அதுக்கு மேல புதுசையும் ஊத்தி வச்சிருக்கீங்க. வண்டிய இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க."

புத்தகத்தை எடுத்து அட்டவணையைப் பார்த்தேன். நான் பார்த்த வரிக்கு அடுத்த வரி. கியர் ஆயில், 2.25 லிட்டர். முத்திரையிட்ட அளவை சரியாகத்தான் அளந்திருக்கிறது. எதை அளக்கிறோம் என்று அளந்தவனுக்குத் தெரியவில்லை. தேன் நிறம், பூண்டு வாடை, ஃபில்டரில் மட்டும் கருப்பு, கேஜ், புகை, சத்தம் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின. எல்லாவற்றையும் நான்தான் குறித்தேன். குறித்துவிட்டு எனக்கு வேண்டியதை மட்டும் படித்திருக்கிறேன்.

"அவரை வந்து பாக்கச் சொல்லட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு அவளே, "வரமாட்டாரு. நீங்கதான வரப்படாதுன்னீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவமானமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடவில்லை. ஒருவன் பெயரைக் கெடுக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்ததும் கடைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தேன். ஆவுடையிடம் சொன்னேன். "சரி, இப்ப என்ன செய்யப் போறீக?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இன்னொன்று. மங்கை படித்தது பி.காம். போல்ட்டுக்குத் தலையா குழியா என்பதை எங்கே படித்தாள்? என் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காத்திருந்த நேரங்களில் படித்திருப்பாள். அங்கே அவளை அனுப்பியவன் நான். சொல்லாமல் செய்தாள் என்கிறேனே, அவள் சொல்ல வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? யோசிப்போம் என்றிருப்பேன்.

ஏப்ரல் 12, சனி

பணியில் இருந்தபோது ஒரே ஒரு தடவை தவறான கடைக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். மறுநாளே போய், அதே வாசலில் நின்று வாபஸ் பெற்றுக்கொண்டேன். அந்த முறையை இன்றும் கடைப்பிடித்தேன்.

ஒரு தாளில் எழுதினேன்: "செல்வின் பட்டறையில் ஆயில் அளவு குறைவு என்று நான் சொன்னது தவறு. நான் கழற்றியது கியர் பெட்டியின் போல்ட். பிழை அளந்தவனுடையது. சு. குருவையா, முத்திரை ஆய்வாளர் (ஓய்வு)." இரண்டு பிரதி. ஒன்றை ரத்தினசாமி கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். அவர் வேண்டாம் என்றார், வேண்டும் என்றேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நடந்தேன். கார்தான் ஓடாதே! இரண்டரைக் கிலோமீட்டர், தலைக்கு மேல் வெயில்.

பட்டறையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சத்தமாக ஒரு தடவை வாசித்தேன். கியர் பெட்டி என்ற இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும்.

செல்வின் ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தபடி நின்றார். நான் வாசித்து முடித்ததும், "வெயில்ல நடந்தா வந்தீங்க சார்?" என்றார். பிறகு, "கியர் ஆயில் இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க?"

"தெருமுனை வரைக்கும்."

"அப்ப பெட்டி தப்பிச்சிரும்."

அவருக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும். முகத்தில் இருந்தது. ஆனால் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றி. எனக்கு அது பிடித்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

"திங்கக்கெழம வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"வண்டி பாக்கவா சார்?"

"சாப்பிட." தாளை அவரிடம் நீட்டிக்கொண்டே, "வண்டியும் பாக்கணும்" என்றேன்.

மேசையில் மங்கை தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பும்போது, நிமிராமலே தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். முழுவதையும் குடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆவுடை நேற்றிலிருந்து வீட்டைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். பச்சடிக்கு வேப்பம்பூ பறித்துக் கொடுத்தேன். இரண்டு தடவை போதாது என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

பத்து மணிக்கு வந்தார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் ஒரு நொடி நின்றார். நான் என்ன சொல்லி வைத்தேன் என்பது எனக்கும் நினைவிருந்தது. "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றேன். வார்த்தை கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது. ஆவுடை சமையலறைக்குள் போய்விட்டாள். அழத்தான் போயிருப்பாள். வரும்போது கண்ணில் மை கலைந்திருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்றார். இரண்டு சாக்கு விரித்தோம். அவர் ஒன்றில், நான் ஒன்றில். அவர் வலது பக்கத்தில் காட்டினார். இருந்தது. அறுகோணத் தலையோடு, தெளிவாக, ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

"மாமா, டார்ச்சை இந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

பிடித்தேன்.

கன்னங்கரேலென்று இறங்கியது. ஆறடி நீளத்துக்கு ஒரு மனிதர் என் பக்கத்தில் படுத்திருக்க, இருவரும் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இப்படிப் பார்ப்பதில் அலுப்பே வருவதில்லை. அவருக்கும் வரவில்லை போலிருந்தது.

வெளியே வந்து, ஃபில்டரைக் கழற்றி அதில் இருந்ததையும் சேர்த்து அளந்தேன். அளக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் அளக்கட்டும் என்று அளவையை நீட்டினேன், "நீங்களே அளங்க" என்றார். 5,960. முன்பு ஃபில்டரில் போன 180 நீங்கலாகப் பழையதில் இருந்திருக்க வேண்டியது 2,920, நான் ஊற்றியது 3,100, ஆக மொத்தம் 6,020. அறுபது மில்லி குறைவு. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது உள்ள சுவர்ல ஒட்டியிருக்கும், மாமா."

"ஒட்டத்தான் செய்யும்" என்றேன். "அளவு சரி."

"சாம்பார் ஆறுது" என்று ஆவுடை உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

புது ஆயில், கியர் ஆயில் இரண்டையும் சரியாக ஊற்றி முடித்தபோது, மங்கை எட்டிப் பார்த்து, "புது ஃபில்டர்ல தேதி எழுதலையாப்பா?" என்றாள். எழுதவில்லை. அவள் கைப்பையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து, புதுச் சேலையோடு சாக்கில் சாய்ந்து உள்ளே போனாள். சேலையைப் பார்த்துக்கொள் என்றேன். கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கேட்டதில்லை.

அவள் சாப்பிட உட்கார்ந்த பிறகு, நான் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துப் பார்த்தேன். 14-4. 75,712. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு.

அப்படி எழுதுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு என்று ஏப்ரல் 5-ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அதையும் வாபஸ் பெறுகிறேன். எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.